ஒரு மூலை திறந்திருக்கட்டும்

மலருக்கு,

நலமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க நினைத்தேன். கேட்கும் யோக்கியதையை நானே கெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதால் அந்த வரியை விட்டுவிட்டேன். நீ என் போனை எடுப்பதில்லை. அதுவும் ஒருவகையில் நல்லதுதான். போனில் பேசினால் எனக்கு வாய் முந்திக்கொள்ளும். அது எப்படி முந்தும் என்பதை உன் வளைகாப்பில் உன் மாமியார் வீட்டுச் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் பார்த்துவிட்டார்கள். எழுதினால் கை மெதுவாகத்தான் போகும். அதற்குள் புத்தி வந்து சேர்ந்துகொள்ளும் என்று ஒரு நம்பிக்கை. படிக்கும்போது மாப்பிள்ளை பக்கத்தில் இருந்தால் அவருக்கும் வாசித்துக் காட்டு. அம்பத்தூருக்கு வேலைக்குப் போயிருந்தால் அவர் திரும்பும்வரை வைத்திருந்து படி. அவருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். ஆனால் அவர் பெயரைப் போட்டு எழுத இன்னும் கூச்சமாக இருக்கிறது.

இங்கே பட்டாபிராமில் உனக்காக ஒழித்துவைத்த அறை அப்படியே இருக்கிறது. சுண்ணாம்பு அடித்து, ஜன்னலுக்குக் கொசுவலை போட்டு, நீ பாத்ரூம் போகும் வழியில் பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு கைப்பிடிகூட வைத்திருக்கிறேன். வளைகாப்பு முடிந்ததும் உன்னை அழைத்து வருவது, பிள்ளை பிறந்து நீ தேறும்வரை இங்கேயே இருப்பது என்று பேசிவைத்திருந்தோம். அம்மா இல்லாத வீட்டில் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று உன் மாமியார் கேட்டபோது, பக்கத்து வீட்டுக் கன்னியம்மா இருக்கிறார் என்று நீயே எனக்காக வாதாடினாய். அவ்வளவு செய்த உன்னை, கை நிறைய வளையலோடு, "நான் வரல பா, நீ போ" என்று சொல்ல வைத்துவிட்டேன். என் கவலையை ஒளிக்காமல் சொல்கிறேன். நீயும் பிள்ளையும் நல்லபடியாக இரண்டு உயிராக வேண்டும். அந்த நேரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் நான் நிற்கலாமா கூடாதா என்பதுகூட இன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

ஒரு போர்வைக்காகவா இவ்வளவு என்று உன் மாமியார் கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லத்தான் எனக்கு இத்தனை பக்கம் வேண்டியிருக்கிறது.

நான் மிஷின்காரன். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து மீசை சரியாக முளைக்காத வயதில் ஆவடிக்கு வந்து, ராணுவத்துக்கு உடுப்பும் கூடாரமும் தைத்துத் தைத்தே தலை நரைத்தவன். எங்கள் ஃபாக்டரியில் ஒரு விஷயத்தில் மட்டும் மன்னிப்பே கிடையாது. தையல் விட்டுப்போன பீஸ் மேஜையைத் தாண்டக் கூடாது. எங்கேயாவது ஒரு மூலை வாயைத் திறந்துகொண்டிருந்தால் சோதிப்பவர் சாக்கட்டியால் ஒரு வட்டம் போட்டு, மற்றவர்கள் பார்க்கத் திருப்பி அனுப்புவார். அந்த வட்டம் என் பீஸில் விழுந்ததே இல்லை என்று நான் பெருமையடித்துக்கொள்ளாத ஆள் இந்த வட்டாரத்தில் இல்லை. மாப்பிள்ளை பெண் பார்க்க வந்த அன்றைக்கே அவரிடம் சொன்னேன். அவர் கையில் காபி ஆறி ஆடை கட்டியது, நான் நிறுத்தவில்லை. நீ உள்ளே இருந்து தலையில் அடித்துக்கொண்டது எனக்குத் தெரியும்.

உன் அம்மா கைத்தையல்காரி. குவார்ட்டர்ஸில் நாம் இருந்தபோது பழைய புடவை, நைந்த வேட்டி எல்லாவற்றையும் அடுக்கடுக்காக விரித்து, மேலே துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டு, ஊசியும் நூலுமாக உட்கார்ந்துவிடுவாள். ஒரு போர்வை முடிய மாசக்கணக்காகும். "நான் மிஷின்ல ஓட்டினா டீ குடிக்கிற நேரம்" என்பேன். "ஓட்டுங்க, அதுல நீங்களே படுங்க" என்பாள். வீம்புக்கு ஒன்று ஓட்டினேன். கூடாரத் துணி மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. நீ அதைக் காலால் உதைத்துத் தள்ளிவிட்டு அவள் போர்வைக்குள் போய்ப் பூந்துகொண்டாய். எனக்கு ரோஷமாகிவிட்டது. இரண்டையும் மடியில் போட்டு வைத்துப் பார்த்தேன். மிஷின் தையலில் மேலே ஒரு நூல், கீழே ஒரு நூல். ஒன்றையொன்று கவ்வி இறுக்கிக்கொண்டே போகும். கிழியாது, அதே சமயம் அசையவும் விடாது. கைத்தையலில் ஒரே நூல்தான். உள்ளே போய் வெளியே வரும், துணி நெளிந்தால் தானும் நெளியும். துவைக்கத் துவைக்கப் பஞ்சுபோல ஆகிவிடும். கூடாரத்துக்கு முதல் தையல் வேண்டும். பிள்ளைக்கு இரண்டாவதுதான் வேண்டும். இவ்வளவு தெரிந்தும் அவள் இருந்தவரை நான் கையில் ஊசி எடுக்கவில்லை. ஃபாக்டரிக்காரன் என்கிற கௌரவம்.

நீ முதல் தடவை உண்டான செய்தி வந்தபோதும் அதே கௌரவம்தான். கடையில் போய்ப் புதுத் துணியாகப் பார்த்து வாங்கி, ரிட்டயரான பிறகு மூடிவைத்திருந்த மிஷினை எண்ணெய் போட்டு எடுத்து, நான்கு பக்கமும் ஓரத்தை மடக்கி மூடும் பைப்பிங் பட்டி வைத்து, மாசம் ஏழு ஆவதற்குள் போர்வையை முடித்து மடித்து வைத்துவிட்டேன். நடந்ததை மறுபடி எழுதுவதற்கு என்னை மன்னித்துவிடு, தாயி. பிள்ளை கழுத்தில் கொடி சுற்றிக்கொண்டது என்று டாக்டர் சொன்னார். அந்தப் போர்வையிலேயே சுற்றி எடுத்துப்போங்கள் என்று நீதான் கேட்டாய். மாப்பிள்ளைதான் இரண்டு கையிலும் வாங்கிக்கொண்டார். வண்டியில் போகும்போது வழியெல்லாம் போர்வையின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே வந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் அந்த ஓரத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். என் பைப்பிங் கோணாமல் நேராக இருந்தது.

சில நாள் கழித்துக் குழாயடியில் கன்னியம்மா கேட்டார். உனக்குத்தான் தெரியுமே, அவர் மனசில் கள்ளம் கிடையாது, நாக்கில் வடிகட்டியும் கிடையாது. "இன்னா அண்ணாத்தே, புள்ள வர்றதுக்கு முன்னாடியே புதுத் துணில நாலு பக்கமும் முடிச்சி வெச்சிட்டியே. முடிச்சிட்டா அப்பால இன்னா கீது?" சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் எனக்குக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்ததும் அவர்தான். ஆனால் அந்தச் சொல் உள்ளே தைத்து நின்றுவிட்டது. டாக்டர் சொன்னது புத்திக்குத் தெரியும். புத்திக்குத் தெரிந்தது எல்லாம் வயிற்றுக்குள் இறங்கிவிடுகிறதா என்ன? பைப்பிங் போட்டு முடித்த அன்று மிஷின் மூடியைச் சாத்திவிட்டு 'அப்பாடா, முடிந்தது' என்று சொன்னேன். அது மட்டும் திரும்பத் திரும்பக் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. இதை நான் உன்னிடம் சொன்னதில்லை.

இரண்டாவது முறை நீ சொன்னபோது சந்தோஷத்தைவிடப் பயம்தான் முதலில் வந்தது. சூடு கண்ட பூனை நான். அப்போதுதான் என் பெயர் ஞாபகத்துக்கு வந்தது. பள்ளிக்கூடத்தில் அப்பா பெயர் கேட்டால் வெறும் இனிஷியலைச் சொல்லித் தப்பித்துக்கொள்வாயே, அந்தப் பெயர். எனக்கு முன்னால் பிறந்தவர்கள் தங்கவில்லை என்று என்னைப் பெற்றவள் தெருத்தெருவாகப் போய்ப் பழந்துணி பிச்சை வாங்கி, அதில்தான் என்னைக் கிடத்தினாள். பிச்சை என்றே பெயரும் வைத்தாள். பிச்சைக்காரப் பிள்ளையை எமன் ஏறிட்டும் பார்க்க மாட்டானாம். உண்மையோ பொய்யோ, நான் இன்றைக்கும் உட்கார்ந்து கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆகவே ஒரு மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு, நாம் முன்பு இருந்த ஆவடி குவார்ட்டர்ஸுக்கு பஸ் ஏறினேன். இது பெண்கள் செய்ய வேண்டிய காரியம். உன் அம்மா இருந்திருந்தால் முந்தானையை ஏந்திக்கொண்டு போயிருப்பாள். பென்ஷன் வாங்கும் கிழவன் வாசலில் நின்று பை ஏந்தினால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்.

அதற்கு முறை உண்டு. உட்காரக் கூடாது, காபி குடிக்கக் கூடாது, கொடுப்பவர் உடுத்திக் கழித்த துணியைத் துவைத்துக் கொடுக்க வேண்டும். முதல் வீட்டில் கோயம்புத்தூர்க்காரர், என்னோடு வேலை பார்த்தவர், கதவைத் திறந்து பையைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, பென்ஷன் வரலீங்களா?" என்றார். பிள்ளைக்குத் துணி போடுங்கள் என்று சொன்னேன். அவருக்குச் சிரிப்பு நின்றுபோய்விட்டது. உள்ளே போனவர் வெகுநேரம் கழித்துத் தன் வேட்டியைக் கொண்டுவந்து இரண்டு கையாலும் பைக்குள் வைத்தார். அடுத்த வீட்டுத் திருநெல்வேலி அம்மாள் பழைய சுங்குடிப் புடவையைக் கொடுத்துக்கொண்டே, "ஒண்ணும் ஆவாது அண்ணாச்சி. உங்க பேரப்பிள்ள வந்து இதுலயே மூத்திரம் பெய்யும், நீங்களே கசக்கிப் போடுவீய, பாருங்க" என்றார். அவர் வாய் முகூர்த்தம் பலிக்கட்டும். கைலி கொடுத்தார்கள், பாவாடை கொடுத்தார்கள், தலையணை உறை கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் எந்தெந்த ஊரோ, அந்தந்த ஊர் வேர்வையெல்லாம் அந்தப் பையில் ஏறியது. திரும்பி வந்தபோது கன்னியம்மா கேட் அருகிலேயே ஒரு துண்டோடு நின்றார். "எங்க ஊட்டுக்காரு துண்டு இது. களத்துல தலைல கட்னது. நெலம் பிளாட்டா பூட்ச்சி, அவரும் பூட்டாரு. புள்ளைக்கி அடியில போடு, ஈரத்த நல்லா இழுக்கும்" என்றார். அடியில்தான் போட்டேன்.

கைத்தையலை எப்படிப் பார்க்க வேண்டும் என்று உனக்கு நான் சொல்லிக்கொடுத்ததில்லை. எனக்கே வயதான பிறகுதான் பிடிபட்டது. யாராவது ஒரு ஒட்டுப் போர்வையைக் காட்டினால் மேலே இருக்கும் வண்ணத்தில் மயங்காதே. முதலில் புரட்டிப் பார். பின்பக்கம்தான் அதன் சுபாவம். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கையை வைத்துத் தடவு. அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்காமலும், ஒன்றையொன்று நெரிக்காமலும் இருக்கிறதா என்று விரலுக்குத்தான் தெரியும். தடித்த துணியை நடுவில் வைத்து, மெலிந்ததைப் பிள்ளையின் தோல் படும் பக்கம் வைக்க வேண்டும். மிகவும் நைந்ததை ஓரத்துக்குக் கொண்டுபோகக் கூடாது, இழுபடும் இடம் அது. கிழிந்ததைக்கூடத் தள்ள வேண்டியதில்லை. பலமான துணி ஒன்றைத் துணைக்கு வைத்து, இரண்டையும் சேர்த்து நூலோட்டினால் இரண்டும் நிற்கும். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பார்களே, கசக்கிக் கட்டிய கந்தைக்கு இப்படி ஒரு மறு பிறப்பும் இருக்கிறது. இன்னொன்று, தைத்தவன் அன்றைக்கு எப்படி இருந்தான் என்பதைத் தையல் காட்டிக்கொடுத்துவிடும். தண்ணி லாரிக்காரனோடு சண்டை போட்டுவிட்டு வந்து ஒரு நாள் இரண்டு வரிசை ஓட்டினேன். நூலை இழுத்த இழுப்பில் துணி நெற்றிபோலச் சுருங்கிவிட்டது. பிரித்துவிட்டு மறுநாள் மறுபடி ஓட்டினேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று ஊசிக்கே தெரிந்திருக்கிறது, தாயி. எனக்குத்தான் தெரியவில்லை.

கடைசி வரிசைக்கு வந்தபோது கன்னியம்மா மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டு பார்த்தார். "ஒரு மூலைய தொறந்தே வுட்டுடு அண்ணாத்தே. புள்ள மூஞ்சிய பாத்த அப்பால மூடு. எங்க ஊட்ல அப்டித்தான்." என் கைக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. திறந்த மூலையைப் பார்த்தாலே விரல் நமைச்சல் எடுக்கும், சாக்கட்டி வட்டம் கண்முன் சுழலும். ஆனாலும் விட்டேன். நான்கு விரல் நுழைகிற அளவுக்கு ஒரு வாய். 'முடிந்தது' என்று இந்தத் தடவை சொல்லிவிடவில்லை என்பதற்கு எனக்கு அது ஒரு சாட்சி. ஏன் விட்டேன் என்று உன்னிடமும் மாப்பிள்ளையிடமும் சொல்லவில்லை. பிள்ளைத்தாய்ச்சியிடம் போய், போன தடவை நான் மூடியதால்தானோ என்று பயமாக இருக்கிறது என்று எந்த அப்பன் சொல்வான்? வேறு யாரிடமும் சொல்ல வெட்கம். நீங்கள் இருவரும் வந்திருந்தபோது அந்தப் போர்வையை முகத்தில் வைத்து முகர்ந்து பார்த்து, "வளைகாப்பு வரைக்கும் என்கிட்டயே இருக்கட்டும் பா" என்று நீ கேட்டாய். மூலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் கொடுத்தனுப்பினேன்.

அன்று நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் நான் பார்த்தது எது என்று சொல்கிறேன். உன் மாமியார் பாவம், அந்தப் போர்வையைப் பெருமையாகத் தட்டில், பழத்துக்கும் பூவுக்கும் நடுவில் வைத்திருந்தார். வந்தவர்களுக்குக் காட்டுவதற்காக எடுத்தேன். வழக்கம்போல விரல் மூலையைத் தேடிப் போனது. வாய் இல்லை. ஓரம் பிரியாமல் ஓவர்லாக் அடித்து, மிஷின் தையல் ஓட்டி, அழுத்தமாக மூடியிருந்தது. வேலை சுத்தமான வேலை. அதுதான் என்னைப் போட்டு உலுக்கியது. அதே நேரான ஓரம். அந்த நிமிஷம் நான் காட்டுப்பாக்கத்தில் உன் மாமியார் வீட்டுக் கூடத்தில் இல்லை, அந்த வண்டிக்குள் இருந்தேன்.

"யாரக் கேட்டு இதுல கை வெச்சே?" என்றேன். மாப்பிள்ளையை ஒருமையில் பேசியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. "இல்ல மாமா, பிரிஞ்சிருந்துச்சு, நம்ம ஃப்ரெண்டு தையல் யூனிட்ல குடுத்து..." என்று ஆரம்பித்தார். "புள்ள மூஞ்சியப் பாத்துட்டுத்தான் மூடணும்னு விட்டிருந்தேன். ஒண்ணைத் தூக்கிட்டுப் போனது உனக்குப் பத்தலையா?" என்று கேட்டுவிட்டேன். வார்த்தை வெளியே வந்ததும் அவர் தன் இரண்டு கையையும் ஒருமுறை பார்த்தார். கலந்த சாதம் அவ்வளவும் பாத்திரத்திலேயே இருந்தது, யாரும் கை வைக்கவில்லை. படிக்கட்டில் நீ பின்னாலேயே வந்து அழுதுகொண்டு சொன்னாய்: "உனக்குக் கண்ணு மங்கிடுச்சு, தெரியாம மூலைய விட்டுட்டேன்னு நினைச்சாரு பா. நாலு பேர் பாத்து உன்ன ஒண்ணு சொல்லிடக் கூடாதுன்னு அவரே கொண்டுபோய் மூடிட்டு வந்தாரு." அதற்கு ஒரு மனுஷன் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நான் சொன்னது, "என் கண்ணுக்கு ஒண்ணும் இல்ல." சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை இங்கே வந்தார். நீ அனுப்பினாயா, அவராக வந்தாரா, தெரியாது. கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்தி, கையில் பையோடு நின்றார். "மாமா, இது உங்ககிட்டயே இருக்கட்டும்." நான் முகம் கொடுக்காமல், "வெச்சிட்டுப் போங்க" என்றேன். வைத்தார். போகவில்லை. ஏதோ கேட்கப்போகிறவர்போல நின்றுவிட்டு, "சாப்டீங்களா மாமா?" என்றார். உம் என்றேன். போய்விட்டார். நீ போர்வையைத் திருப்பி அனுப்பிவிட்டாய் என்றுதான் நினைத்தேன். 'என் பிள்ளைக்கு உன் துணியும் வேண்டாம், நீயும் வேண்டாம்' என்று நீ சொன்னதாகவே எடுத்துக்கொண்டு, பையைத் திறக்காமல் பரண்மேல் போட்டேன். அதிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. உன்னை வருத்தப்படவைக்கச் சொல்லவில்லை, நடந்தது அது.

இதுவரை எழுதிவிட்டு எழுந்துபோக வேண்டியதாகிவிட்டது. இனி எழுதுவது அதற்குப் பிறகு. கன்னியம்மா மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினார்: "அண்ணாத்தே, அந்தப் போர்வைய ஒரு வெயில் காட்டு. மழ வந்துகினு கீது, பூச்சி ஏறிடப் போவுது." எனக்குத் தொடவே பிடிக்கவில்லை. துணி என்ன பாவம் செய்தது என்று பரணிலிருந்து இறக்கினேன். கொடியில் போடுவதற்காக உதறியபோது விரல் தன் பழக்கத்துக்கு மூலைக்குப் போனது. போன விரல் உள்ளே நுழைந்தது.

நான் அப்படியே நின்றுவிட்டேன். மூலை திறந்திருந்தது. ஓவர்லாக் நூல் போயிருந்தது. தடவிப் பார்த்தேன். பிரிக்கத் தெரிந்தவர் பிரித்ததில்லை அது. ஒரு பக்கத்து நூலைச் சில தையலுக்கு ஒன்றாக வெட்டிக்கொண்டு போனால் மறுபக்கத்து நூல் தானே உருவிக்கொண்டு வரும், உனக்கு அது தெரியும், சின்ன வயதிலேயே செய்திருக்கிறாய். இங்கே ஒவ்வொரு தையலாக பிளேடால் கீறியிருக்கிறது. குட்டி குட்டி நூல் துணுக்கெல்லாம் விரலில் ஒட்டியது. இரண்டு இடத்தில் பிளேடு துணியிலும் இறங்கியிருக்கிறது போல. அந்த இடத்தில் ஏதோ கரடு தட்டியது. எவ்வளவு கிட்டத்தில் வைத்துப் பார்த்தும் என்ன என்று பிடிபடவில்லை. மதிலருகே கொண்டுபோய்க் கன்னியம்மாவிடம் நீட்டினேன்.

கன்னியம்மா புரட்டிப் பார்த்தார். "கருப்பு நூலுல ஒட்டு போட்டுகீது. பட்டன் தெக்கிற நூலு. இது உன் கை இல்ல, உன் பொண்ணு கையும் இல்ல. எவனோ ஆம்பள தெச்சிகீறான் அண்ணாத்தே, எறும்பு வழி தப்பிப் போன மாரி கீது." அப்புறம் அவரே நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். "உன் மருமவப் புள்ளயா?" என்றார். மதிலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கன்னியம்மா போர்வையைத் தானே வாங்கிக் கொடியில் போட்டார்.

நான் சபையில் வீசிய பேச்சுக்குள்ளிருந்து ஒரே ஒரு வரியை மட்டும் அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார்: பிள்ளை முகத்தைப் பார்த்த பிறகுதான் மூட வேண்டும் என்பதை. மற்றதையெல்லாம் விட்டுவிட்டார். ஊசி பிடித்தறியாத கையோடு உட்கார்ந்து, நன்றாக மூடியிருந்ததை எனக்காகப் பிரித்து, பிரித்ததில் கிழிந்ததைத் தைத்து, பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். நான் திறந்து பார்ப்பேன் என்று கேட்டருகே நின்றிருக்கிறார். நான் வெச்சிட்டுப் போங்க என்றேன். அவர் நான் சாப்பிட்டேனா என்று கேட்டார். இத்தனை நாள் கைத்தையலைப் பற்றி எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டதுபோல உனக்கு மேலே எழுதியிருக்கிறேன் அல்லவா? அதைக் கோடு போட்டு அடிக்க மனமில்லை, இருக்கட்டும். ஆனால் அந்தக் கருப்பு நூல் ஒட்டை நான் பிரிக்கப்போவதில்லை. யாரையும் பிரிக்க விடவும் மாட்டேன்.

நாளை காலை பூந்தமல்லியில் பஸ் மாறி காட்டுப்பாக்கம் வருகிறேன். இந்தக் கடிதத்தையும் நானேதான் கொண்டுவருவேன். கதவை நீ திறக்காவிட்டால் உன் மாமியாரிடம் கொடுத்துவிட்டு வாசலிலேயே நிற்பேன். பிள்ளையை நீ எங்கே பெற்றுக்கொள்ள வேண்டும் என்று இனி நான் வாய் திறக்க மாட்டேன். அங்கே என்றால் அங்கே, இங்கே என்றால் அறை இருக்கிறது. மாப்பிள்ளையிடம் நான் கேட்க வேண்டியதை, எந்தக் கூடத்தில் நின்று அப்படிப் பேசினேனோ அதே கூடத்தில் நின்று கேட்டுக்கொள்கிறேன். வயசில் பெரியவர் மன்னிப்புக் கேட்கக் கூடாது என்று அவர் தடுப்பார். நீ தடுக்கவிடாதே. பயம் இன்னும் போகவில்லை, தாயி. பிள்ளை அழும் சத்தம் கேட்கும்வரை அது போகாது. அதுவரை அந்த மூலை திறந்தே கிடக்கட்டும்.

பிறகு அதை மூட வேண்டியவர் அவர். எனக்குத் தெரிந்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறேன். ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பதை மட்டும் நீ பார்த்துக்கொள். இந்தப் போர்வை முழுவதற்கும் தினமும் காலையில் ஊசிகளைக் கோத்துவைத்துவிட்டுப் போனது கன்னியம்மாதான். இந்தக் கடிதத்தின் கொட்டை எழுத்தைப் பார்த்தே நீ கண்டுபிடித்திருப்பாய். மாப்பிள்ளை நினைத்தது சரிதான் என்று அவரிடம் சொல். எனக்குக் கண் மங்கிப்போய்விட்டது.

அப்பா